அண்ணன் பண்ணையில் சம்பளம் கிடையாது

அந்த வருஷம் வைகாசி முகூர்த்தங்களுக்கென்று நாங்கள் நட்டுவைத்திருந்த வாழைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் குலை தள்ளின. கல்யாணங்கள்தான் நடக்கவில்லை. கொரோனா வந்து கோயில்களைச் சாத்திவிட்டார்கள், மண்டபங்களைப் பூட்டிவிட்டார்கள். தேக்கா கடைத்தெருவில் இலை போட்டுச் சாப்பாடு போடும் கடைகளெல்லாம் சோற்றைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தன. லிம் சூ காங்கில் எங்கள் பண்ணையில் மட்டும் வாழைகள் பூவும் காயுமாக வரிசையாய் நின்றன. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

சிங்கப்பூரில் பண்ணையா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இருக்கிறது. என் மாமனார் செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதும் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. கறிவேப்பிலை, வெற்றிலை, கொஞ்சம் முருங்கை, மீதியெல்லாம் வாழை. வாழையிலை மலேசியாவிலிருந்து மலிவாக வந்து இறங்கும். அதோடு போட்டி போட முடியாது. எங்கள் பிழைப்பு முழுமரத்தில் இருந்தது. கல்யாண மண்டப வாசலில், கோயில் கொடியேற்றத்தில், குலையும் பூவும் தொங்குகிற இரண்டு மரங்களை ஆளுக்கொரு பக்கமாகக் கட்டுவார்கள் அல்லவா, அந்த மரங்கள். எல்லை தாண்டி லாரியில் வந்தால் குலை அடிபடும், தோகை கிழியும். கிழிந்த மரத்தை வாசலில் கட்டினால் பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். அதனால் எங்களிடம் வருவார்கள்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும், அதற்குப் பிறகு அந்த மரம் முடிந்தது. தையில் எத்தனை முகூர்த்தம், வைகாசியில் எத்தனை, ஆவணியில் எத்தனை என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து, அதற்குத் தோதாகப் பல மாதம் முன்னாலேயே கன்றைப் பிரித்து நட வேண்டும். நாள் தப்பினால் மரம் நமக்காகக் காத்திருக்காது. நாங்கள் ஒரு நாளும் தப்பவிட்டதில்லை. அந்த வருஷமும் தப்பவிடவில்லை. ஊர்தான் தப்பிவிட்டது.

பண்ணையில் வேலை செய்தவர்கள் ஐந்து பேர். இரண்டு ஆட்கள் மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோவார்கள். எல்லையை மூடியதும் அவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். மீதி மூன்று பேர் என் கணவர், நான், என் நாத்தனார்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் ஒரே தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்த மறுநாளே அண்ணனோடு லாரியில் ஏறிப் பண்ணைக்குப் போய்விட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள் என்ற பயம். அப்படிப் போனவள்தான். நடுவதும், முட்டுக் கொடுப்பதும், வெட்டுவதும், தோகை கிழியாமல் சாக்கு சுற்றி லாரியில் ஏற்றுவதும் எல்லாம் அவள் கைதான் அதிகம். நான் வீட்டுச் சமையலை முடித்துவிட்டுப் போவேன். அவள் எனக்கு முன்னால் போய் அரைநாள் வேலை முடித்திருப்பாள்.

அவளுக்குச் சம்பளம் கிடையாது. எனக்கும் கிடையாது, ஆனால் நான் பெண்டாட்டி, என் கதை வேறு. அவளுக்கு என் கணவர் குறை ஒன்றும் வைக்கவில்லை. தீபாவளிக்கு இரண்டு சேலை, பல் வலித்தால் மருத்துவர், ஒரு பொங்கலுக்குச் சங்கிலிகூட வாங்கிப் போட்டார். கேட்டால் இல்லை என்று சொல்லாத அண்ணன். ஆனால் கேட்க வேண்டும். பஸ் கார்டில் காசு ஏற்றுவதற்கும் கேட்க வேண்டும். சம்பளமாகவே ஒரு தொகை கொடுத்துவிடலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவள் மாதிரி பார்த்தார்.

“கூடப் பொறந்தவளுக்குச் சம்பளமா? அவ என்ன என் வீட்டு வேலைக்காரியா? ஊரு காறித் துப்பும்.”

நம் ஆட்கள் பாதிப் பேர் வீட்டில் இதுதான் நடக்கிறது. கடையில் நிற்கிற மைத்துனன், கல்லாவில் உட்காருகிற மருமகள், மாவு அரைக்கிற அத்தை, ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. சம்பளம் என்றால் மரியாதைக் குறைவு. சிபிஎஃப் என்கிற சேமநிதி கட்டினால் இன்னும் மோசம், ஏதோ நாளைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பப்போகிற மாதிரி.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் தொலைக்காட்சியில் அந்த அறிவிப்பு வந்தது. வேலையாட்களை நிறுத்தாதீர்கள், அவர்கள் சம்பளத்தில் பெரிய பங்கை அரசாங்கமே முதலாளிகளுக்குக் கொடுக்கும், யாரும் மனுப் போட வேண்டாம், பணம் தானாக வரும் என்றார்கள். என் கணவர் சோற்றுக் கையோடு எழுந்து நின்று கேட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டாம் தடவை ரசம் ஊற்றச் சொன்னார்.

குத்தகைக் காசு பாக்கி நின்றது. லாரித் தவணை நின்றது. சுயதொழில் செய்பவர் என்று அவருக்குக் கொஞ்சம் உதவித்தொகை வந்திருந்தது, யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்தச் சம்பள உதவி வந்தால் ஆவணி வரைக்கும் பண்ணையை இழுத்துவிடலாம், ஆவணியில் கோயில் திறந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. நானும் நம்பினேன். தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் அவருடைய நண்பருக்குப் பணம் வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை. தினமும் காலையில் கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்ப்பார். மூடிவிட்டு மறுபடி திறப்பார். பார்க்கச் சகிக்காது.

கடைசியில் உதவி எண்ணுக்கு அழைத்தார். பேசிய பெண் தமிழ்ப் பெண், சின்ன வயதுக் குரல். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“சார், உங்க கம்பெனில லோக்கல் ஸ்டாஃப் யாருக்குமே சிபிஎஃப் கட்டலயே சார். அதை வச்சுத்தான் காசு வருது.”

“ரெண்டு பேரு ஜொகூர் ஆளுங்கம்மா. அவங்க இப்ப வர முடியல.”

“அவங்க லோக்கல் இல்ல சார். லோக்கல்ல யாரு வேலை செய்றாங்க?”

“நாங்கதான். நான், வைஃப், என் சிஸ்டர்.”

“சிஸ்டருக்குச் சம்பளம் போட்டு சிபிஎஃப் கட்டியிருந்தா கண்டிப்பா வந்திருக்கும் சார். எவ்ளோ நாளா வேலை செய்றாங்க?”

அந்தப் பெண் இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்: “எங்களுக்குப் பார்த்தா உங்ககிட்ட யாருமே வேலை செய்யாத மாதிரி இருக்கு சார். சாரி சார்.”

நாத்தனார் கட்டுக் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி நாரை எடுத்து முடிச்சுப் போட்டாள். எனக்கு அந்தச் சின்னப் பெண் மீது கோபம் வந்தது, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்தும். நியாயமாக நான் கோபப்பட வேண்டிய ஆள், என் கணவர், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தால் மனுஷிக்குத் தலைவலிதான் வரும், எனக்கு வந்தது.

அன்றிலிருந்து வாழைகளைப் பார்ப்பது நரகமாகிவிட்டது. குலை முற்றி மரம் சாய்ந்தது. முட்டுக் கொடுத்தோம். யாருக்காகக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்தோம். பழுத்ததை வெட்டிக் கோரெங் பிசாங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி போடும் கடைக்காரர்களிடம் கொண்டுபோனோம். அவர்களே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வீடு வீடாகக் கதவில் மாட்டிவிட்டு வந்தோம். மிச்சத்தை வௌவால் தின்றது. அழுகிய பழத்தின் புளிச்ச வாடை என் சேலையிலிருந்து போகவே இல்லை.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. இனிமேல் கட்டுகிற சேமநிதியை வைத்து அடுத்த தவணை தருவார்கள் என்று பூக்கடை நண்பர் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் மத்தியானம் பண்ணைக் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கையிடம் சொன்னார்.

“இந்த மாசத்துலேருந்து உன்னை ஸ்டாஃப்பா போட்டுடறேன்மா. சிபிஎஃப் கட்டிடுவோம். அண்ணி பேரைப் போட்டா, பொண்டாட்டிங்கறதால ஸ்டாஃப்னு நம்பமாட்டாங்க. உன் பேருன்னா பிரச்சினை இல்ல.”

அவள் நிமிர்ந்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

“அப்ப மாசா மாசம் என் கணக்குல சம்பளம் வருமா அண்ணே?”

“வரும். வந்ததும் எடுத்துக் குடுத்துடு. குத்தகை கட்டணுமில்ல? கணக்குக்குத்தான்லா இது.”

அவள் கையில் எடுத்த சோற்றுக் கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்தாள். வாழைத்தோட்டத்தில் காற்று அடித்து இலைகள் சடசடவென்று அடித்துக்கொண்டன.

“அப்போ என் பேரைத்தான் வேலைக்கு எடுக்கறீங்க. என்னை இல்ல.”

“என்னம்மா இப்படிப் பேசுற? நமக்குள்ள என்ன உன் காசு, என் காசு?”

“தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறன்னு நம்ம அம்மாவே சொல்லும் அண்ணே. எனக்கு வயிறு இல்லைன்னு நினைச்சிட்டீங்களா?”

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அவரும் கேட்டதில்லை. என் பக்கம் திரும்பி, நீயாவது சொல்லேன் என்பது போல் பார்த்தார். அவரைக் காப்பாற்றத்தான் எனக்கு மனம் ஓடியது. குத்தகை போய்விட்டால் இந்த வயதில் என்ன செய்வோம், எங்கே போவோம் என்று பயந்தேன். “கொஞ்ச நாளைக்குத்தானே, சம்மதிச்சுடும்மா” என்று சொல்லிவிட்டேன்.

“அண்ணி, நீங்களுமா?” என்றாள். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெட்டரிவாளோடு தோட்டத்துக்குள் போய்விட்டாள். சாயங்காலம் வரைக்கும் வேலை செய்தாள். ஒரு வேலையையும் குறைக்கவில்லை.

அவர் அவள் பெயரைப் போடவில்லை. கையெழுத்து வேண்டும், அவள் தரமாட்டாள். அதோடு என் கணவர் பொய்க் கணக்கு எழுதிப் பழகியவர் இல்லை. கஷ்டம் அவரை அந்த மத்தியானம் ஒரே ஒரு தரம் அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தது. நிஜமாகவே சம்பளம் கொடுத்துவிடுங்களேன், அதில் பாதியை அரசாங்கம் திருப்பித் தருமே என்று நான் சொன்னேன். அப்படிக் கொடுத்தால் இத்தனை வருஷமும் கொடுக்காதது என்னவாகும் என்று கேட்டார். அதனால்தான் அவர் கொடுக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கொஞ்ச நாளில் நாத்தனார் வேலைக்குப் போனாள். சாங்கிப் பக்கம் பெரிய கண்காட்சி மண்டபத்தில் நோய் கண்டவர்களைத் தங்கவைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வேலை. எல்லோரும் பயந்து ஓடுகிற இடத்துக்குப் போகிறாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. போகாதே என்று அண்ணன் கத்தினார், பிறகு கெஞ்சினார். அவள் அலமாரியிலிருந்து அந்தப் பழைய பெட்டியை எடுத்தாள். வேலை செய்பவர்கள் வீட்டுக்கு வந்துபோனால் வீட்டில் உள்ளவர்களுக்கு ஆபத்து, அதனால் கூட வேலை செய்யும் ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்கப்போகிறேன் என்றாள். எங்களுக்காகப் போகிற மாதிரியே சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகுதான் பண்ணை என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரிந்தது. நானும் அவரும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை கிடந்தோம். ஆவணிக்கென்று இருந்த மரங்களுக்கு முட்டுக் கொடுக்கக் கை போதவில்லை. ஒரு மழையில் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. கோயிலை ஒருவழியாகத் திறந்து, ஆள் எண்ணிக் கல்யாணம் நடத்திக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகு மண்டபக்காரர் ஒருவர் மரம் கேட்டு அழைத்தார். வாரக்கணக்கில் காத்திருந்த அழைப்பு. வாசலில் கட்டக்கூடிய மாதிரி ஒரு ஜோடி மரம் எங்களிடம் இல்லை. என் கணவர் சேற்றில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் தேற்றவில்லை. என்னையே யாராவது தேற்ற வேண்டியிருந்தது.

அன்றைக்கு அவர் தங்கைக்கு அழைத்தார். எல்லாக் கௌரவத்தையும் இறக்கிவைத்துவிட்டுப் பேசினார்.

“சம்பளம் தரேம்மா. நிஜச் சம்பளம். உன் கைக்கு. சிபிஎஃப்பும் கட்டறேன். நீ வந்துடு.”

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் அவள் வருவாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் பக்கம் வண்டி தள்ளுகிற சத்தமும் யாரோ மலாயில் கூப்பிடுகிற சத்தமும் கேட்டன.

“சம்பளத்துக்காக இல்லண்ணே,” என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “போன வாரம் எனக்குக் காய்ச்சல். சாதாக் காய்ச்சல்தான், டெஸ்ட் எடுத்துட்டாங்க. மேனேஜரா இருக்கற பொண்ணு போன் பண்ணி, வராதீங்க, படுத்துக்குங்கன்னு சொல்லிச்சு. மூணு நாளு படுத்தே இருந்தேன். சம்பளத்துலயும் பிடிக்கல. எனக்கு அழுகையா வந்துச்சுண்ணே. என் வயசுக்கு இப்பத்தான் ஒருத்தர் என்னைப் படுத்துக்கன்னு சொல்லியிருக்காங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். அந்த மாதமே நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்று சொல்வது பேச்சுக்கு, வேறு வழியில்லை. சேறு காயாத லாரியில் வீட்டுக்குத் திரும்பும்போது கிராஞ்சி ரோட்டில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

“உனக்கு எப்பவாவது காய்ச்சல் வந்திருக்கா?”

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்து இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

“வந்திருக்கு,” என்றேன்.

“எப்போ? நான் பார்த்ததே இல்லையே.”

“நீங்க லாரியை எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் படுத்துப்பேன். சமைக்கிற நேரத்துல எந்திரிச்சு, வழக்கம்போலப் பண்ணைக்கு வந்துடுவேன்.”

விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.